கமலா அக்காவின் மீசை

கமலா அக்கா போய்ட்டாங்க.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூல் வேனை எடுக்கக் கிளம்பினவங்க, நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்திருக்காங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நேற்று தகனம்.

நான் இங்கே எழுதுற ஆள் இல்லை, லைக் போட்டுட்டுப் போற ஆள். ஆனா அக்காவை உங்களில் நிறைய பேர் பார்த்திருக்கீங்க, பெயர்தான் தெரியாது.

எங்க நாடகத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்குற கங்காணியா வேஷம் கட்டினவங்க. அந்தப் பெரிய மீசை, அந்தக் குரல்... கடைசியில் மேடைக்கு முன்னால வந்து மீசையை எடுக்கும்போதுதான் அது ஒரு பெண்ணுன்னே பல பேருக்குத் தெரியும்.

எங்க குழு முதலில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தீபாவளிக்கு நாடகம் போட்ட குழு. தோட்டத்தை வித்ததும் ஆட்கள் ஈப்போ பக்கம் ஃபிளாட்டுகளுக்கு வந்தாங்க. குழுவும் கூடவே வந்திருச்சு. இப்போ ஒத்திகை ஒரு டியூஷன் சென்டரில், பிள்ளைங்க போன பிறகு.

ஆம்பளைங்க எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை, கங்காணி வேஷத்துக்கு ஆளே அமையலை. "நான் கட்டுறேன்லா. இருபது பிள்ளைங்கள வேன்ல அடக்குறேன், இவங்க ஆறு பேர அடக்க முடியாதா?"ன்னு வந்தவங்கதான் அக்கா.

காம்பாரில் ஒரு ஷோ. மேடை ஏறப் போற நேரத்தில் மீசையைக் காணோம். அக்கா கத்தரிக்கோலை எடுத்துத் தன் சடை நுனியை வெட்டி, பசை தடவி ஒட்டிக்கிட்டாங்க. பழைய மீசை பிறகு கிடைச்சும் அதைத் தொடவே இல்லை. இதுதான் சொந்த மீசையாம்.

எங்க நாடகம் பெரட்டில் தொடங்கும். காலையில் வேலைக்குப் போறதுக்கு முன்னால கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆட்கள் பதில் சொல்லி வரிசையில் நிற்கணும். ஒரு தடவை அக்கா "சுப்பையா"ன்னு கூப்பிட்டாங்க. மேடையில் இருந்த சுப்பையா வாயைத் திறக்கிறதுக்குள்ள, பார்க்க வந்தவங்க பக்கத்தில் ஃபுட்பால் ஜெர்சி போட்ட ஒருத்தர் சட்டுன்னு எழுந்து நின்னார்.

"வந்துட்டேன்யா."

அவர் பெயரும் சுப்பையாவாம். இளவயசில் தினமும் அப்படி நின்ற பழக்கம்... உடம்பு தானா எழுந்திருச்சு. மண்டபமே சிரிச்சது. மனுஷன் உட்காரவும் தெரியாம, நிற்கவும் தெரியாம தலையைக் குனிஞ்சுகிட்டார்.

அக்கா சிரிக்கலை. கங்காணியாவே அவரை ஒரு பார்வை பார்த்தாங்க.

"சுப்பையா, நீ நெறையா நின்னுட்டய்யா. உக்காரு. இன்னிக்கு உனக்கு லீவு."

கைதட்டல் அடங்கவே நேரம் ஆச்சு. அவர் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

அதிலிருந்து எங்க குழுவில் ஒரு வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அக்கா முந்தின வாரமே போய், பெரட்டில் நின்னவங்க யார் யாருன்னு விசாரிச்சு, கூப்பிடலாமான்னு கேட்டுட்டு வருவாங்க. ஷோவில் அவங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு லீவு குடுப்பாங்க. எதையும் எழுதி வச்சுக்க மாட்டாங்க. முகத்தைப் பார்த்துக் கூப்பிடணும், தாளைப் பார்த்து இல்லைன்னு சொல்வாங்க.

இந்தச் சனிக்கிழமை சிம்பாங் பூலாயில் ஷோ. போன ஞாயிறு அக்காவும் நானும்தான் அங்கே போனோம். அஞ்சு வீடு, அஞ்சு டீ. அந்த அஞ்சு பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க. அந்த முகங்கள் இப்போ எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனா நான் குழுவில் லைட் போடுற ஆள். எங்க வீட்டில் முதல் டிகிரி என்னோடதுதான், ஆனா இன்டர்வியூவில் கூட "கொஞ்சம் சத்தமா பேசுங்க"ன்னு சொல்ல வச்ச குரல் இது.

ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் கூடுற மாமாக் டீக்கடையில் நான் எத்தனை தடவை கேட்டாலும் டீ வராது. பக்கத்தில் உட்கார்ந்து அக்கா கங்காணிக் குரலில் ஒரு தடவை சொன்னா வந்திடும். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "டிகிரி வாங்கிட்ட, ஒரு டீ வாங்கத் தெரியலையேம்மா..."

நேற்று தகனம் முடிஞ்சு கிளம்பும்போது அக்கா வீட்டுக்காரர் மணியம் அண்ணே ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டு வந்து, எங்க நாடகத்தை எழுதி நடத்துற செல்வம் அண்ணே கையில் குடுத்தார். உள்ளே மீசை. "இத வச்சிகிட்டு நான் என்னா பண்றது? எனக்கே பயமா இருக்கும்லா"ன்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, சாயங்காலம் வழக்கமான மாமாக் கடையில் கூடினோம். செல்வம் அண்ணே அந்தக் கூட்டை மேஜையில் வச்சார். கங்காணி இல்லாம எப்படி, ஷோவை கேன்சல் பண்ணிடலாம்னார்.

எல்லாருக்கும் டீ வந்திருச்சு. எனக்கு வரலை. பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்... காலி.

"அண்ணே. தே தாரிக் ஒண்ணு. சீனி கம்மியா."

கடையே திரும்பிப் பார்த்தது. டீ உடனே வந்தது.

செல்வம் அண்ணே கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் கண்ணாடிக் கூட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"அந்த அஞ்சு பேரு யாருன்னு உனக்குத் தெரியும்தானேம்மா?"

தலையாட்டினேன். அது பத்தாதுன்னு தோணுச்சு. "தெரியும்ணே. நான் கூப்பிடுறேன்"ன்னு வாய் திறந்து சொன்னேன்.

அதனால ஷோ உண்டு. சனிக்கிழமை சாயங்காலம், சிம்பாங் பூலாய் ஃபிளாட் மண்டபம். வாங்க. லைட் போட ஒரு ஆள் வேணும், தெரிஞ்சவங்க மெசேஜ் பண்ணுங்க.

அக்கா... அஞ்சு பேருக்கும் லீவு குடுத்த பிறகு, ஆறாவதா உங்க பெயரைக் கூப்பிடுவேன்.

எழுந்திரிக்க வேண்டாம்க்கா. உங்களுக்கும் லீவு.