ஆப்பியாவில் புதன், பாகோவில் செவ்வாய்

தானியேலுவுக்கு ஆப்பியா விமான நிலையத்தில் ஆட்களை நிறுக்கிற வேலை. பாகோ பாகோ போகிற விமானம் சின்னது. பெட்டியோடு ஆளும் தராசில் ஏறியாக வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக அவனுக்கு ஒரே பாட்டு. "நூத்திச்சொச்சம் கிலோமீட்டர், முப்பத்தஞ்சு நிமிஷம். புதன்கிழமை ஏறினா செவ்வாய்க்கிழமை இறங்குவீங்க. கடிகாரத்தைத் தொடாதீங்க, கிழமையை மட்டும் மாத்துங்க." இரண்டு தீவுக்கும் நடுவே கடலில் சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்தான் கடைசியில் ஏமாந்தான்.

அவன் மகள் சினலெய்க்குப் பதினேழு வயது. தாயில்லாப் பெண், இதயத்தில் ஓட்டை. ஒன்றேகால் வருடமாகப் பாகோவில் அத்தை மெலேசலா வீட்டில் தங்கி வைத்தியம். இப்போது தனி விமானத்தில் ஹோனலூலுவுக்கு அனுப்பி, இறங்கிய அன்றே அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டரே சொல்லிவிட்டார். போகுமுன் அப்பாவைப் பார்க்கணும் என்று பெண் ஒற்றைக்காலில் நின்றாள்.

மெலேசலா போனில் அழுதாள். "செவ்வாய் ராத்திரி கிளம்புறா அண்ணே. அதுக்குள்ள வந்துடு."

பாகோக்காரி சொன்னால் பாகோச் செவ்வாய்தானே, இங்கே அது புதன் என்று கணக்குப் போட்டு, புதன் காலைக்குச் சீட்டு எடுத்தான். என்றைக்கும் தன் ஊர்க் கிழமையையே சொல்லுகிறவள், அண்ணன் குழம்பக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் ஆப்பியாக் கிழமையைச் சொல்லியிருந்தாள். பாழாய்ப்போன கரிசனம்!

செவ்வாய்க் காலை வழக்கம்போல் தராசருகே நின்றான். பருத்த பாதிரியார் ஒருவர் ஏறினார்.

"என்னங்க பாஸ்டர், போன வாரத்தைவிட நாலு கிலோ கூட? ஞாயித்துக்கிழமை விருந்து பலமோ?"

வரிசையே சிரித்தது. ஓர் இருக்கை காலியாகவே விமானம் பறந்தது.

மறுநாள் தேங்காய்ப்பாலில் சுட்ட சேப்பங்கிழங்கு இலைப் பொட்டலத்தோடு பாகோவில் இறங்கினான். மெலேசலா தனியாக நின்றிருந்தாள்.

"பிள்ளை எங்க?"

"நேத்து ராத்திரியே போயிட்டா அண்ணே. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. செவ்வாய்னு சொன்னேனே!"

"இன்னிக்குத்தானே இங்க செவ்வாய்!"

"ஐயோ, நான் உங்க ஊர்க் கிழமையில்ல சொன்னேன்…" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேற்றுக் காலியாகப் போன இருக்கை அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் ஓடினான். "ஹோனலூலுக்கு எவ்வளவு நேரம்?"

"அஞ்சரை மணி. அடுத்த விமானம் வியாழன். அமெரிக்க விசா இருக்கா?"

இல்லை.

"சரக்கோட சரக்காப் போட்டு அனுப்புங்கம்மா. என்னை நிறுத்துப் பாருங்க, அறுபத்தெட்டு கிலோதான்!" அவன் கெஞ்சிய கெஞ்சலில் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெலேசலாவின் போன் அடித்தது. ஹோனலூலு மருத்துவமனை. அவன் பிடுங்கிக்கொண்டான்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"பாகோவுலதான் கண்ணு. அப்பா தப்புப் பண்ணிட்டேன். கிழமையைத் தப்பா…"

"அழாதீங்கப்பா. அங்க இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"இங்கயும் செவ்வாய்தான்." அவள் குரல் சந்தோஷமாகவே இருந்தது. "ஒண்ணேகால் வருஷத்துல இன்னிக்குத்தான் நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல இருக்கோம். வெச்சிடட்டுமா? கூப்பிடுறாங்க."