துரை பேரில் ஒரு ஃபோல்டர்

புஷ்பவள்ளிக்கு வாய் சும்மா இருக்காது. நீலாய், லோபாக், சி ரூசா என்று மலேசிய ஊர்களில் சிதறிப்போன எஸ்டேட் சனங்களுக்காக மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று பேச்சு வந்ததும், "நானே போட்டுத் தரேன்" என்று எழுந்துவிட்டாள்.

கோயில் கமிட்டித் தலைவர் அமிர்தலிங்கம் சிரித்தார். "கொடியேத்தத்துக்குள்ள போட்டுக் காட்டு புள்ள. காட்டிட்டா நீயும் கமிட்டி மெம்பர்தான்."

அந்தக் கமிட்டியில் அதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. அண்டா கழுவ மட்டும் பெண்கள் வேண்டும்!

நாளை கொடியேற்றம். ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் ட்ருபல் என்ற இலவச வெப்சைட் மென்பொருளை ஏற்ற வேண்டும். யூடியூபைப் பார்த்து வெப் சர்வரைப் போட்டாள், டேட்டாபேஸைத் திறந்தாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. கடைசிப் படியில் சிவப்பு எழுத்து வந்து மறித்தது: இந்த ஃபோல்டரில் எழுத முடியாது.

அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். அதே சிவப்பு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னலா, மூஞ்சி தொங்கிப் போச்சு?" என்றான் கணவன் சுரேந்திரன். எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான்.

"இதுல ரூட்னு ஒருத்தர் இருக்காருங்க. எஸ்டேட் தொரை மாதிரி. அவரு சொன்னா மறுபேச்சே கெடையாது. அதான் எல்லாத்தையும் அவரு பேர்லயே போட்டுட்டேன். ஆனா வெப்சைட்ட ஓட்டுறது வேற ஆளு. எழுத்து வேலையெல்லாம் பாக்குற கிராணி மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயோ! தொரை பேர்ல பூட்டி வச்சிட்டு கிராணிய எழுதச் சொன்னா, அவரு எங்கலா எழுதுவாரு!"

துரை பேர் இருந்தால் எல்லாம் நடக்கும் என்ற பழைய எஸ்டேட் புத்தி இத்தனை நேரம் அவளைச் சுற்றலில் விட்டிருக்கிறது. ஒரே வரி ஆணை. ஃபோல்டர் கிராணி பேருக்கு மாறியது. சிவப்பு மறைந்து, நீலக் கோடு விறுவிறுவென ஓடி, கோயில் பெயர் திரையில் வந்து நின்றது. புஷ்பவள்ளி குதித்த குதியில் தேத்தண்ணி மேசையெல்லாம் கொட்டியது. யார் கவலைப்பட்டார்கள்! கோபுரப் படத்தையும் ஏற்றி, முகவரியை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தலைவரின் அழைப்பு வந்தது.

"தெரியுது புள்ள, கோபுரம் பளபளன்னு தெரியுது! பேரு பதிஞ்சு உள்ளயும் போயிட்டேன். கொடியேத்தச் செய்தி போடலாம்னா எடமே காணோமே?"

"இப்போதைக்கு நீங்க படிக்க மட்டும்தான் தலைவரே. எழுதறதுக்கு நான்தான் அனுமதி குடுக்கணும்."

மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"சரிங்க மெம்பர். குடுங்க."