ஆய்வுக்கு வந்த பெண்

முதுகலை இசையில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேட ஆரம்பித்துவிட்டேன். எழுத வேண்டியது கடைசிப் பருவத்தில்தான். "இவ பொறந்தப்பவே பென்ஷனுக்கு எழுதிப் போட்டவ" என்று விடுதித் தோழிகள் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானாகத் தலைப்பு சொல்லாவிட்டால் பேராசிரியர் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார். பிடிக்காத விஷயத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். அந்தப் பயத்தில், சாதகம் செய்யும் காலை நேரத்தையும் பழைய ஆய்வேடுகளைப் புரட்டுவதிலேயே கழித்தேன்.

என் நைனா செஞ்சியில் பஸ் கண்டக்டர். அமாவாசையானால் மேல்மலையனூர் கோயிலுக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் டூட்டி விழும். அதில் வழக்கமாக ஏறுகிற, கோயிலில் மேளம் அடிக்கும் பம்பைக்காரர்களைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. சின்ன வயதில் அவர்கள் அடிக்கிற அடிக்குப் பயந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். அந்தச் சத்தம் வேண்டும் எனக்கு.

அடுத்த அமாவாசைக்கு ஊருக்கு வந்தேன். கோயிலருகே நைனா அவர்களிடம் கூட்டிப்போனார்.

"எம் பொண்ணு. மெட்ராஸ்லேர்ந்து ஆய்வுக்கு வந்திருக்குது."

பம்பைக்காரர்கள் சட்டென்று எழுந்துவிட்டார்கள். ஒருவர் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தார்.

"யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்களா மேடம்? நாங்க சவுண்டு கம்மியாதான் வெப்போம்."

சத்தத்துக்கு யாரோ முன்பு சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்து, "அதெல்லாம் இல்லீங்க, வாசிங்க" என்றேன். முந்தாமல் பிந்தாமல், அடக்கமாக வாசித்தார்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டேன்.

பேராசிரியர் கேட்டுவிட்டு, "பம்பைன்னா பக்கத்துல நிக்க முடியாதும்பாங்க. இது தாலாட்டு மாதிரி இருக்கே. இதுல ஆராய என்ன இருக்கு?" என்றார்.

மறுவாரம் வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, முன்னல்லாம் பல்லு வெளக்கும்போதே பாடிக்கினு இருப்பே. ஒண்ணு பாடேன்."

பாடினேன். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. முடித்ததும் நைனா தாடையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா, செக்கிங் ஏறுனா நான் டிக்கெட் குடுப்பேனே, அந்த மாதிரி பாடறே."

எனக்குச் சுரீரென்றது. அணைத்த ஸ்பீக்கரும் அந்த 'மேடமும்' ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"நைனா, பம்பைக்காரங்ககிட்ட என்னை இன்னான்னு சொன்னே?"

"ஆய்வுக்கு வந்திருக்குதுன்னு..." சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. "அடக் கடவுளே! கலெக்டர் வருவாரே, அந்த ஆய்வுன்னு நெனச்சிட்டானுங்களா?"

இருவரும் சிரித்தோம். நான் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

"வர்ற அமாவாசைக்குச் சொல்லிடறேன். செக்கிங்லாம் இல்ல, பயப்படாம அடிங்கடான்னு."

தலைப்பு பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலை, நிம்மதியாகப் பாடலாம் என்று உட்கார்ந்தேன். குரல் அதே அடக்கத்தோடுதான் வந்தது. அவர்களுக்கு நைனா சொல்லிவிடுவார். என் தொண்டைக்கு யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.