வென்றவனுக்கு அம்புலன்ஸ் இல்லை

1. கென் சொன்ன சட்டம்

எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் நாலு பேராகக் கிடந்த காலம். கூட இருந்த செல்வம் அண்ணைதான், தான் வேலை செய்த இடத்திலேயே எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தந்தார். மல்யுத்தக் கொம்பனி ஒன்றின் ரிங்கை, அதாவது ஆட்ட மேடையை, ஏற்றிப் போகும் வான் வண்டியில் உதவியாள். மண்டபம் மண்டபமாகப் போய் இரும்புக் கால்களைப் பூட்டி, பலகை அடுக்கி, கன்வஸ் இழுத்து, கயிறு கட்ட வேண்டும். ஆட்டம் முடிய எல்லாவற்றையும் கழற்றி ஏற்ற வேண்டும்.

முதல் நாளே முதலாளி கென் என்னைக் கூப்பிட்டான். வெள்ளைக்காரன்தான், ஆனால் அவன் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு ஆத்திரம் சரியாக வரும்.

"இஞ்ச பார் சிவா. ஆர் வெல்லுறது, ஆர் தோக்கிறது எண்டு நான்தான் முடிவெடுக்கிறன். அது வெளியில தெரிஞ்சால் நீயும் வெளியில."

நான் தலையாட்டினேன். வேலைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்திருந்த நேரம். தலையை ஆட்டச் சொன்னால் காலையும் சேர்த்து ஆட்டியிருப்பேன்.

2. ஷெரிஃப்

வோல்டர் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அமெரிக்காவில் சோளம் விளைகிற ஏதோ ஒரு மாநிலத்தவன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே மல்யுத்தம் பழகியிருக்கிறான். இளம் வயதில் அங்கே அவன்தான் கதாநாயகனாம், சனம் தோளில் தூக்கிக்கொண்டு போகுமாம். பிறகு பெரிய ரீவிக் கொம்பனிகள் வந்து சின்னக் கொம்பனிகளை விழுங்க, வயது போனவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. ஐம்பதை நெருங்கும்போது, இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு லண்டனில் வந்து இறங்கினான். கென் அவனுக்குத் தொப்பி வைத்து, நெஞ்சில் நட்சத்திரம் குத்தி, மேடையில் ஊழல் பிடித்த அமெரிக்கப் பொலிஸ்காரன், ஷெரிஃப் ஆக்கினான்.

மேடையில் கெட்டவனாக வருகிறவன் வெளியிலும் கெட்டவனாகவே இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கட்டு. தேநீர்க் கடையில் ஒரு சின்னப் பெட்டை கிட்ட வந்தால் வோல்டர் உறுமுவான். வானில் ஏறியதும், "பாவம், பிள்ளை பயந்திட்டுது" என்று அந்தரப்படுவான். நான் கல்யாணம் முடித்த பிறகு என் மனைவி கட்டித்தந்த புட்டை எனக்கு மிச்சம் வைக்காமல் தின்றவனும் இந்தக் கெட்டவன்தான்.

3. அந்த ஞாயிறு மத்தியானம்

தென்கிழக்கு லண்டனில் ஒரு மண்டபம். குடும்பம் குடும்பமாகச் சனம். ஷெரிஃபுக்கும் பீற்றர் என்ற இளம் கதாநாயகனுக்கும் ஆட்டம். கென் போட்ட கதை இதுதான்: பீற்றர் கயிற்றின் மேலிருந்து பாய்வான், வோல்டர் உருண்டு விலகுவான், பீற்றர் விழுந்து "கழுத்து முறிந்து" தோற்பான். அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்ற, வாடகைக்கு எடுத்த அம்புலன்ஸ் ஒன்று சனம் பார்க்கும்படி வாசலில் நின்றது.

பீற்றர் பாய்ந்தது கொஞ்சம் முந்திவிட்டது. வோல்டர் விலகுமுன் பீற்றரின் முழங்கால் அவன் கழுத்தில் இறங்கியது.

ஆட்டக்காரர் வந்து போகும் திரைக்குப் பக்கத்தில் நான் நின்றேன். வோல்டர் அசையவில்லை. நடுவர் குனிந்து கேட்டுவிட்டுக் கென்னைப் பார்த்து, தன் வலக்கையைத் தொட்டுக் காட்டினார். கையில் உணர்வில்லை என்று அர்த்தம். கென் விரலால் காற்றில் வட்டம் போட்டான். ஆட்டம் நடக்கட்டும் என்று அர்த்தம்.

வோல்டர் எழும்பினான். கதைப்படி விழுந்து கிடந்த பீற்றரை ஒரு கையால் அமுக்கினான். நடுவர் மூன்று எண்ணி, அவனுடைய இடக்கையைத் தூக்கி வென்றவன் என்று காட்டினார். சனம் கூவி, கோப்பைகளை எறிந்தது. வோல்டர் அதற்குள்ளால் நடந்து வந்து, திரை மூடியதும் என் மேல் சரிந்தான்.

நான் கென்னிடம் ஓடினேன். "அம்புலன்ஸை இவருக்கு விடுங்கோ. வலக்கை தூக்க ஏலாமல் கிடக்கிறார்."

"உனக்கு விசரோ? வாசல்ல சனம் நிக்குது. வெண்டவன் எப்பிடி அம்புலன்ஸில ஏறுறது? சனம் கலையட்டும், பாப்பம்."

பீற்றரை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் சங்கு ஊதிப் போனது. அடுத்த தெருவில் இறங்கி அவன் சிப்ஸ் வாங்கித் தின்றதை அவனே பிறகு சொன்னான்.

செல்வம் அண்ணை என் கையைப் பிடித்தார். "பேசாமல் நில்லடா. வேலை போயிடும்."

"போகட்டும் அண்ணை. மனிசன் செத்துப்போவான்."

சாமான் இறக்கியதால் வான் வெறுமையாக நின்றது. மண்டபத்தின் பின்கதவைத் திறந்து வோல்டரைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். அங்கேயும் சனம். வோல்டர் என் கையை உதறிவிட்டு, நிமிர்ந்து, உறுமிக்கொண்டு தனியே நடந்தான். ஒரு கிழவி கைப்பையால் அவன் முதுகில் ஓங்கி அடித்தார். அவன் அவருக்குப் பல்லைக் காட்டிவிட்டு வானுக்குள் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் வானை ஓட்டும்போது பின்னாலிருந்து ஒன்றுதான் கேட்டான். "எனக்கு அடிபட்டதைச் சனம் கண்டுபிடிச்சிட்டுதோ?"

"இல்லை" என்றேன். சந்தோஷப்பட்டான்.

4. இரண்டு கழுத்துப்பட்டி

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதற்கு, படியில் விழுந்ததாகச் சொன்னான். நான் உண்மையைச் சொன்னேன். தொழிலைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அன்று முழுக்க என்னோடு அவன் பேசவில்லை. கழுத்தெலும்பில் வெடிப்பு விழுந்திருந்தது. விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடந்திருந்தால் கை தப்பியிருக்கலாம், இனி அது வேலை செய்யாது என்றார் டொக்டர்.

கென் எட்டியும் பார்க்கவில்லை. பீற்றர் ஒருநாள் வந்தான், வோல்டரைப் போலவே கழுத்தில் பட்டியோடு. வெளியில் போகும்போது அதைக் கழற்றக் கூடாது என்பது கென்னின் கட்டளை. வார்டுக்கு வந்த நர்ஸ் அவனிடம்தான் முதலில், "வலிக்குதா?" என்று கேட்டார். பீற்றர் கட்டில் விளிம்பில் குந்தியிருந்து அழுதான்.

அடுத்த ஆட்டத்துக்குச் சனம் பீற்றருக்குப் பூங்கொத்துக் கொண்டுவந்ததாம். செல்வம் அண்ணை சொன்னார். எனக்குத்தான் அங்கே வேலை இல்லையே. நாசமாய்ப் போவான் கென், அந்த வருடம் புதுக் கார் எடுத்தான்.

வோல்டர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்த் தங்கையோடு இருந்தான். ஒருமுறை தொலைபேசியில் பேசினான். தங்கைதான் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வெயார்ஹவுஸிலும் கட்டட வேலையிலும் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். வேலையில் அடிபட்டால், விழுந்த இடத்திலேயே கிடந்துவிடுங்கள். முதலாளி விரலைச் சுற்றினாலும் எழும்பாதீர்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டும் எழும்பாதீர்கள்.

வோல்டர் எழும்பினான்.