பொதுத் திறப்பு உள்ள ஒருவர் தேவை

இன்று பின்னேரம் என் மடிக்கணினியில், மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் மென்பொருளைப் போட்டேன். அலுவலகத்தில் இனிக் கட்டாயமாம்; மற்றவர்கள் இன்னும் போடவில்லை.

எனக்கென்று ஒரு திறப்பு, அதாவது மின்சாவி, உருவானது. ஆனால் நான் பூட்டி அனுப்ப, பெறுபவரும் யாருக்கும் கொடுக்கக்கூடிய தன் பொதுத் திறப்பை எனக்குத் தர வேண்டும். முல்லைத்தீவுக்கு மாற்றலாகி வந்த எனக்கு அப்படி ஒருவரையும் தெரியாது.

கனடாவில் இருக்கும் தங்கைக்கு அழைத்தேன். "நீயும் இதைப் போடன். ரெண்டு பேரும் எழுதிப் பாப்பம்."

"அப்பிடி என்ன ரகசியம் அண்ணா எழுதப் போறீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா."

"அப்ப வாட்ஸப்பில போடுங்கோ. நான் வேலைக்கு வெளிக்கிடுறன்."

கடைசியில் எனக்கே எழுதினேன். "சாப்பிட்டியா? அங்க மழையா?" கையொப்பமிட்டு, பூட்டி அனுப்பினேன். உடனே வந்து சேர்ந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தபோது, பச்சை அடையாளத்துடன் ஒரு வரி இருந்தது: 'கையொப்பம் சரியானது. அனுப்பியவர் நம்பகமானவர்.'

சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பதிலும் எழுதிவிட்டேன். "இன்னும் சாப்பிடேல்லை. மழை இல்லை."

இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது பொதுத் திறப்பு இருந்தால் அனுப்புங்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, கதைக்கத்தான்.