நாத்தனார் பெயரில் ஒரு சீட்டு

இந்த அமெரிக்க ஊரில் மூன்று வருடம் டாக்டர் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால் மனிதர் மறுபடி புதியவராகிவிடுகிறார். நான் பில் போடும் சிறிய கிளினிக்கின் நடைமுறை அது. பில்லில் புதிய நோயாளிக்கு ஓர் எண், பழைய நோயாளிக்கு வேறோர் எண்; மாற்றிப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். போன மாதம் மார்த்தா என்ற வயதான அம்மாளிடம் புதியவருக்கான படிவத்தை நீட்டினேன். அவர் மகன் பிறந்ததே எங்கள் டாக்டர் கையில்தானாம். "அப்படியானால் நான் செத்துவிட்டேன் என்றா எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். விளக்கிப் பார்த்தேன். என் ஆங்கிலம் புரியவில்லையோ, நடைமுறைதான் புரியவில்லையோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி வாங்காமல் நான் அவரை உள்ளே விடவில்லை. இரக்கமில்லாதவன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

எண்பத்தாறில் அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம், வரும் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக வருபவருக்குத் தோலில் ஒரு சொட்டு மருந்தைக் குத்தி, தடிப்பு வருகிறதா என்று அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் பெனிசிலின் ஊசி. முன்பே ஊசி ஒத்துக்கொண்டது என்று பழைய சீட்டில் குறித்திருந்தால் காத்திருக்க வேண்டாம். பஸ்ஸை விட்டுவிட்டு யார் உட்காருவார்? எங்கள் பரளச்சியில் ஒரு பழைய சீட்டு, இரவல் சுளகு மாதிரித் தெரு முழுக்கச் சுற்றி வரும்.

ஒருநாள் என் அக்கா பாண்டியம்மாள் காய்ச்சலோடு வந்தாள். கையில் அவள் நாத்தனார் முத்துலட்சுமியின் சீட்டு.

"இது உன் சீட்டு இல்லையேக்கா. புதுசா எழுதுறேன், அரைமணி நேரம் உக்காரு."

"ஏலே, நாலு மணி பஸ்ஸ விட்டா நடந்துல்ல போகணும்? பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல நிக்கும்டா. அவுக பேருலயே அனுப்பிவிடு."

அனுப்பினேன். அன்றைய கூட்டத்தில் டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார். ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. மதுரைக்குக் கிளம்பிய கார் காரியாபட்டியைத் தாண்டவில்லை.

தப்பு என்னுடையது. எழுத்தில் இதை ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. அத்தான் என்னை ஏசியிருந்தால் ஊரில் இருந்திருப்பேனோ என்னவோ. "அவ அவசரம் அவளக் கொண்டுபோச்சு மாப்ள, நீ என்ன செய்வ?" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிளினிக் நோட்டில் அன்றைய தேதியில் முத்துலட்சுமி என்றிருந்தது, என் கையெழுத்தில். அக்கா அங்கே வந்ததாகவே இல்லை.

இந்த வாரம் எனக்கும் காய்ச்சல். எங்கள் டாக்டரிடம் கடைசியாகக் காட்டி மூன்று வருடம் தாண்டிவிட்டதால் நானும் புதியவன்தான். ஊருக்குப் போய் நான்கு வருடம். அந்தக் கணக்கில் பரளச்சிக்கும் புதியவன். மார்த்தா நிரப்பிய அதே படிவம். குடும்பத்தில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று ஒரு கேள்வி. அக்கா, பெனிசிலின் என்று எழுதினாலே போதும். நான் பெயரையும் எழுதி, ஊரையும் எழுதினேன்.

"பெயர் தேவையில்லையே" என்றாள் படிவத்தை வாங்கிய பெண்.

தேவை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அருப்புக்கோட்டை நோட்டில் இல்லாத பாண்டியம்மாள், தான் பார்த்தேயிராத இந்த ஊரின் அலமாரியில், என் கோப்புக்குள் இருக்கிறாள்.