வாலுக்கு ஓர் ஆள்

பழைய விமானங்களைச் செப்பனிட்டுக் காப்பாற்றும் பட்டறை அது. வீட்டு சோபா தைத்துக்கொண்டிருந்தவர், விமானியின் கிழிந்த இருக்கையைச் சரிசெய்ய ஒருநாள் அங்கே போனார். போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். தையலைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது விமானத்தின் வால்மேல் ஏறி உட்கார வேண்டும்.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து விமானத்துக்குக் கனமெல்லாம் மூக்கில்தான். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இஞ்சினை முடுக்கினால் வால் எழும்பி, மூக்கு குப்புறச் சாயும். மூக்கில் சுழலும், மாதக்கணக்கில் செதுக்கிய மரப் புரொப்பல்லர் தரையில் இடித்துச் சுக்குநூறாகிவிடும். இவரோ வாட்டசாட்டமான ஆள். பட்டறையில் எல்லோரும் ‘நங்கூரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவருக்கு அப்படியொரு பெருமை.

போன வருடம் நெஞ்சுவலி வந்தது. டாக்டர் கறாராகச் சொன்னார். வீட்டம்மா அதைவிடக் கறாராக நடத்தினார். எண்ணெயைக் கண்ணில் காட்டவில்லை. சட்டையெல்லாம் தொளதொளத்தது. “நல்லா இளைச்சுட்டீங்களே!” என்று பார்த்தவர்கள் பாராட்டப் பாராட்ட, அவருக்குக் கவலைதான் கூடியது. இளைத்துப்போன நங்கூரத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

இஞ்சின் ஓட்டும் நாள் காலையில் கால்சட்டைப் பைகளில் இரும்புத் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா பார்த்துவிட்டார்.

“என்னங்க, இரும்புக்கடையையே தூக்கிட்டுப் போறீங்க?”

“சும்மா இரு. வேலைக்கு வேணும்.”

அந்த அம்மாவுக்கா புரியாது? கூடவே போய்த் தலைமை மெக்கானிக்கிடம் போட்டு உடைத்துவிட்டார்.

“தம்பி, இவர் பழைய ஆள் இல்ல. பாதிதான் மிச்சம். வால் தூக்கிட்டா என்ன பண்ணுவீங்க?”

நங்கூரத்துக்கு முகம் செத்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியே காலை வாரிவிட்டாளே! பைகளில் இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார். இனி வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“அண்ணே, இதுல ஒண்ணு நழுவி, புரொப்பல்லர் காத்துல பறந்தா யார் மண்டை உடையும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று மெக்கானிக் சத்தம் போட்டார். பிறகு வாலைப் பார்த்தார், வீட்டம்மாவைப் பார்த்தார். “வாலுக்குத்தான் ரெண்டு பக்கம் இருக்கே. அண்ணி, நீங்க அந்தப் பக்கம் ஏறுறீங்களா?”

“நானா? நான் என்ன அவ்வளவு குண்டாவா இருக்கேன்?”

“ஐயோ, அதை நான் சொன்னேனா?”

ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்து வாரால் கட்டினார்கள். இஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிறகு காது கிழிய அலறியது. வால் ஒருமுறை துள்ளப் பார்த்தது. இவருக்கு உயிரே போய் வந்தது. ஆனால் வால் தரையைவிட்டு எழும்பவில்லை; கடைசிவரை அப்படியே கிடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான், வீட்டம்மா இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இஞ்சின் நின்றது.

“பயந்துட்டியா? என்ன கத்தினே?”

தலையெல்லாம் கலைந்து, கண்ணில் நீர் வழிய வீட்டம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா இதை நீங்க மட்டும் தனியா அனுபவிச்சிருக்கீங்க, இல்ல?”